சுங்கை சிப்புட்டில் எங்கே, எப்போது, யார் கையால் சாப்பிடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள், இங்கே மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், தாதியர், சாப்பிடுவதற்காகவே ஈப்போவிலிருந்து மோட்டாரில் கிளம்பி வருகிற பிள்ளைகள் என்று எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடைப் பெயர் எதுவும் இதில் இருக்காது. இங்கே சாலையோரத்து ஒட்டுக்கடைகளில் பாதிக்குப் பெயர்ப் பலகையே கிடையாது, பலகை உள்ள கடையிலும் சமைக்கிற ஆள் மாறிவிட்டால் பெயரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எப்படித் தேடுவது, எப்படி மற்றவர்களுக்குச் சொல்வது, இவைதான் எனக்கு முக்கியம்.

காலையில் எங்கே பசியாறலாம்?

முதலில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள். இது தோட்டத்து நேரத்தில் சாப்பிடுகிற ஊர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள், அதற்கு ஏற்ற மாதிரி அடுப்பும் எரிந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் என்கிற தோட்டத்து வரிசை வீடுகள் காலியாகி, ஜனங்கள் டவுன் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புகளுக்கு, குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. தாமான் முகப்பில் மேசை போட்டு இட்லி, தோசை, இடியாப்பம் விற்கிற அக்காமார்கள் பலர் தோட்டத்து வீடுகளில் சமைத்துப் பழகியவர்கள். ஆறு மணிக்கு ஆரம்பிப்பார்கள், ஒன்பதுக்குள் பாத்திரம் கழுவிவிடுவார்கள். பத்து மணிக்கு எழுந்து வந்து "இந்த ஊரில் ஒன்றுமே இல்லை" என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரொட்டி சானாய் சாப்பிடுவதானால் கல்லுக்கு அருகில் போய் நின்று பாருங்கள். போட்டு அடுக்கி வைத்ததை எடுத்துக் கொடுக்கிறார்களா, கேட்ட பிறகு வீசிப் போடுகிறார்களா என்று தெரிந்துவிடும். சூடாக எடுத்தவுடன் இரண்டு கையாலும் தட்டி உடைத்துக் கொடுத்தால் அந்த ஆளை நம்பலாம். குழம்பை "பஞ்ஜிர்" என்று கேட்டால் ரொட்டி மூழ்க ஊற்றுவார்கள், பருப்பும் மீன் குழம்பும் கலந்து வேண்டுமென்றால் "சம்போர்" என்றால் போதும்.

நாசி லெமாக்கை மட்டும் மலாய்க்கார அம்மாமார்களிடம் வாங்குங்கள், வாழையிலையில் மடித்த பொட்டலமாக. இலையைத் திறக்கும்போது வருகிற வாசனையில் பாதி வயிறு நிறைந்துவிடும். சீனர் கோப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டையும் சுட்ட ரொட்டியும். மூன்று கடைக்கும் மூன்று இனத்துக்காரர்களும் போய் உட்காருவது நமக்குச் சாதாரணம், ஆனால் அந்தப் பழக்கத்தைத்தான் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, மலேசியாவின் காலைப் பசியாறல் பண்பாடு என்று அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் அதில் இருக்கின்றன. எனக்கு அது ரொம்பப் பெருமை.

தே, கோப்பி சொல்லத் தெரியவில்லை, என்ன சொல்ல வேண்டும்?

வெறும் "தே" என்றால் கெட்டிப்பால் போட்ட தேநீர், இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். "தே ஓ" பாலில்லாதது, ஆனால் சீனி உண்டு. "தே சி" என்றால் அந்தக் கெட்டிப்பாலுக்குப் பதிலாக இனிப்பில்லாத டின் பால், சீனி தனியாகப் போடுவார்கள். "கோசோங்" சேர்த்தால் சீனி இல்லை, "குராங் மானிஸ்" என்றால் இனிப்புக் குறைவு, "காவ்" என்றால் கடுப்பம். அப்பாவுக்கு இனிப்புநீர் வியாதி என்றால் "தே ஓ கோசோங்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், "சீனி கம்மி" என்று சொன்னால் ஒவ்வொருவர் கணக்கும் ஒவ்வொரு மாதிரி.

வாழையிலைச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது?

பன்னிரண்டுக்குக் கால் மணி முன்பு. பொரியல் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருக்கும், அப்பளம் நமுத்திருக்காது, அலுவலகக் கூட்டமும் வந்திருக்காது. ஒன்றரைக்குப் போனால் சோறு இருக்கும், மீன் இருக்காது, பாகற்காய்ப் பொரியல் நிச்சயம் இருக்காது.

புதியவர்களுக்கு: சோறு, காய்கறி, ரசம், மோர் கேட்டால் மறுபடி போடுவார்கள், பெரும்பாலான கடைகளில் அதற்குத் தனிக்காசு இல்லை. ஆட்டுப் பிரட்டல், மீன், கணவாய், நண்டு எல்லாம் தனி விலை. எடுக்கும் முன் விலையைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நம் நாட்டுக் கடைகளில் விற்கிற ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து உறைந்து வருவது, உள்ளூர் ஆடு கிடைக்கிற நாளில் கடைக்காரரே பெருமையாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை அதற்கு நல்ல நாள். தோட்டத்தில் ஆடு வெட்டிப் பங்கு போட்ட வழக்கம் நாக்கில் இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பல கடைகளில் சைவக் கறிகளுக்குக் கூடுதல் கவனம் கொடுப்பார்கள், அன்றைக்குச் சாம்பாரும் கூட்டும் வாங்கிப் பாருங்கள்.

சாப்பிட்டு முடித்து இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், வெளியூர் நண்பரை அழைத்துப் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு கடை நல்ல கடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கூட்டத்தை வைத்து நான் முடிவு செய்வதில்லை. இடம் வசதியாக இருந்தால், கார் நிறுத்த முடிந்தால், கூட்டம் எங்கேயும் வரும். நான் பார்ப்பது குழம்பு மட்டும் வாங்கிப் போகிற அம்மாமார்களை. வீட்டில் சோறு வடித்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் நூல் கட்டி மீன் குழம்பு வாங்கிப் போகிற பெண்கள் ஒரு கடைக்கு வந்தால், அங்கே தைரியமாக உட்காரலாம். வீட்டிலேயே நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் காசு கொடுத்து வாங்குகிறார் என்றால் அந்தக் குழம்பில் ஏதோ இருக்கிறது.

அடுத்தது ரசம். ஆட்டுக்கறிக்கு மசாலா அள்ளிப் போட்டு எதையும் மறைக்கலாம், ரசத்தில் மறைக்க முடியாது. காலையில் வைத்ததை மாலை வரை கொதிக்க விடுகிற கடையில் ரசம் கசக்கும், அங்கே மற்றதும் அப்படித்தான் இருக்கும்.

சுத்தத்துக்கு, சுவரில் நகராண்மைக் கழகத்தின் தரச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், ஏ, பி, சி என்று போட்டிருக்கும். உணவைக் கையாளுகிறவர்கள் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அதன் பலம் மூன்று ஆண்டுதான், பிறகு மறுபடி போட வேண்டும். எதுவுமே தெரியாவிட்டால் காசு வாங்குகிற கையும் சோறு போடுகிற கையும் ஒன்றா என்று கவனித்தால் போதும். அப்புறம், 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைப்பிடிக்கத் தடை இருக்கிறது, திறந்தவெளி மேசைக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளோடு போகும்போது பக்கத்து மேசையில் யாராவது பற்றவைத்தால் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

கடையைப் பற்றி நண்பர்களுக்குச் சொல்லும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத ஆரம்பித்தேன்.

"செம்ம கடை, கண்டிப்பாகப் போங்கள்" என்று எழுதுவதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு நானே அப்படி எழுதினேன், லாசா போகும் சாலையோரத்தில் ஒரு கடை மீன் குழம்பைப் பற்றி. அதை நம்பித் தைப்பிங்கிலிருந்து ஒரு நண்பர் வயதான அப்பா அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை வந்துவிட்டார். நான் சாப்பிட்டது அந்த வீட்டுப் பெரிய அம்மா கையால் வைத்த குழம்பு, அவர் வியாழன் முதல் ஞாயிறு வரைதான் அடுப்பில் நிற்பார். மற்ற நாட்களில் சமைப்பது வேறு ஆள், குழம்பும் வேறு. நண்பர் கோபப்படவில்லை, ஆனால் அவருடைய அம்மா பாதி இலையோடு எழுந்துவிட்டார் என்று கேட்டபோது எனக்கு மனசு சரியில்லை. கடைக்காரரும் என்ன செய்வார், அவரைப் பற்றி அரைகுறையாகச் சொன்னது நான்.

அன்றிலிருந்து ஒரு கடையைப் பற்றிச் சொன்னால் குறைந்தது மூன்று விஷயமாவது சொல்லிவிடுகிறேன். எந்த நாள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன். யார் சமைத்தார், பெயர் வேண்டியதில்லை, "காலையில் நிற்கிற அக்கா", "கண்ணாடி போட்ட அண்ணன்" என்றாலே போகிறவருக்கு அடையாளம் தெரிந்துவிடும். எந்தப் பதார்த்தம். ஒரு கடையில் எல்லாமே நன்றாக இருப்பது அபூர்வம், நண்டுப் பிரட்டல் அபாரமாக இருக்கிற இடத்தில் தோசை ரப்பர் மாதிரி இருக்கலாம், அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நம் வார்த்தைக்கு மதிப்பு. கொடுத்த விலை, கார் நிறுத்த இடம், பெரியவர்கள் ஏற முடியாத படி இருக்கிறதா, இதெல்லாம் முடிந்தால் சேருங்கள். முக்கியமாக, கடைசியாக எப்போது போனீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ருசியை நேற்றுச் சாப்பிட்ட மாதிரி சொல்லக்கூடாது.

ஓசியில் சாப்பிட்டிருந்தால் அதைச் சொல்லாமல் பாராட்டி எழுதாதீர்கள். கடைக்காரர் உங்கள் மாமாவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

சின்னக் கடையை ஊருக்கெல்லாம் சொன்னால் கூட்டம் வந்து கெட்டுவிடாதா?

கெடும், அது நடந்தும் இருக்கிறது. மாலையில் அப்பம் சுடுகிற ஒரு அக்கா, இரண்டு சட்டிதான். ஒரு அப்பம் வேக மூன்று நிமிடம் என்று வையுங்கள், ஒரு சட்டியில் மணிக்கு இருபது, இரண்டிலும் நாற்பது. அதற்கு மேல் யார் நினைத்தாலும் முடியாது. யாரோ படம் போட்டு எழுதியதில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கார் வரிசையாக வந்து நின்றுவிட்டது. தினமும் நாலு அப்பம் வாங்குகிற பக்கத்து வீட்டுத் தாத்தா வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த வாரம் அந்த அக்கா மாவை இரண்டு மடங்கு அரைத்தார், ஆனால் சரியாகப் புளிக்கும் வரை காத்திருக்க நேரமில்லை, அப்பம் தட்டையாக வந்தது, வந்தவர்கள் குறை சொல்லிப் போனார்கள். பழையபடி ஆக மாதக்கணக்கில் ஆயிற்று.

அதற்காகச் சொல்லாமல் ஒளித்து வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. வியாபாரம் நடந்தால்தான் கடை நிற்கும், நாம் ரகசியம் காத்ததால் ஆள் வராமல் மூடிய கடைகளும் உண்டு. கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள்: "அக்கா, வெளியே சொல்லட்டுமா? எத்தனை பேர் வந்தால் சமாளிப்பீங்க?" இந்த ஒரு கேள்வி போதும். அவர் சரி என்றால் எழுதுங்கள், "பத்துக்கு மேல் வேண்டுமானால் காலையிலேயே சொல்லி வையுங்கள்", "வார நாளில் போங்கள்" என்று அவர் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள்.

சாப்பாடு சரியில்லை என்றால் உடனே எழுதிவிடலாமா?

முதலில் கடைக்காரரிடம், மெதுவாக, மற்றவர் காதில் விழாமல். ஒரு கடையில் எனக்கு வந்த ஆட்டுக்கறி லேசாக வாடை அடித்தது. கல்லாவுக்குப் போய்ச் சொன்னேன். அவர் முகம் கோணவில்லை, மோந்து பார்த்துவிட்டு முழுச் சட்டியையும் அடுப்படிக்குத் திருப்பி அனுப்பினார், எனக்குக் காசும் வாங்கவில்லை. நான் அந்தக் கடைக்கு இன்னும் போகிறேன். வேறொரு இடத்தில் தொட்டு வைத்த மிச்சக் குழம்பைத் திருப்பிப் பெரிய பாத்திரத்தில் ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தேன், சொன்னதற்கு எரிந்து விழுந்தார்கள். அது ருசி பற்றிய விஷயம் இல்லை. சுத்தம் பற்றிய புகார் என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலோ நகராண்மைக் கழகத்திலோ கொடுக்க வேண்டும், விலை பற்றியது என்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில். தேதி, நேரம், ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக் கூடிவிட்டது, அன்றைக்குத் தோசை கருகிவிட்டது, இதற்கெல்லாம் ஒரு தடவை போனதை வைத்துக் கடையையே குறை சொல்லி எழுதாதீர்கள். இன்னொரு நாள் போய்ப் பாருங்கள். ஒட்டுக்கடையில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு அடுப்படியே தடுமாறும்.

பில்லில் 6 விழுக்காடு, 10 விழுக்காடு என்று போடுகிறார்கள், என்ன அது?

இரண்டும் வேறு. 6 விழுக்காடு அரசாங்கத்தின் சேவை வரி. ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுகிற உணவகங்கள்தான் பதிந்துகொண்டு அதை வசூலிக்க வேண்டும். 2024 மார்ச்சில் மற்றப் பல சேவைகளுக்கு 8 ஆக உயர்ந்தபோதும் சாப்பாட்டுக்கு 6-லேயே விட்டுவிட்டார்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் கடை தானாகப் போடுவது, அரசாங்கத்துக்குப் போவதில்லை. நம் ஊர் ஒட்டுக்கடையில் இரண்டும் இருக்காது. ஒரு சின்னக் கடையில் வரி என்று எழுதிக் கேட்டால், ரசீதில் சேவை வரிப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நண்பர்களில் சைவம், மாட்டிறைச்சி சாப்பிடாதவர், முஸ்லிம் எல்லாரும் உண்டு. எங்கே உட்காருவது?

சைவக் கடையில். அங்கே யாருக்கும் தயக்கம் வராது. மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் கடையில், மாட்டுக்கறியும் கோழியும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும், கரண்டி மாறிப் போவதும் உண்டு, விரதம் இருக்கிறவருக்கு அது கஷ்டம். நம் ஆட்கள் கடை என்பதால் எல்லாம் எல்லாருக்கும் சரியாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். காட்டுப்பன்றி வருவல் போடுகிற இடங்கள் தோட்டப்புறங்களில் உண்டு. முஸ்லிம் நண்பரை அழைத்துப் போகும் முன் ஜாக்கிம் என்கிற இஸ்லாமிய மேம்பாட்டு இலாகாவின் ஹலால் சான்று இருக்கிறதா என்று பாருங்கள், கடையைப் பரிந்துரைக்கும்போதும் இதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

புரட்டாசியில் சைவம் தேடுகிறவர்களுக்கு இங்கே கஷ்டமே இல்லை, சனிக்கிழமைகளில் அசைவக் கடைகளிலும் கறிகாய் வகை கூடும்.

அந்தக் காலத் தோட்டத்துச் சாப்பாடு இன்னும் கிடைக்குமா?

கடையில் தேடினால் கொஞ்சம், வீடுகளில் நிறைய. கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் சில மத்தியானக் கடைகளில் கிழமை பார்த்து வரும். அவித்த மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பாலும் மாலை மூன்று மணிக்கு மேல் பலகார மேசைகளில் பாருங்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1941 முதல் 1945 வரை, அரிசி இல்லாமல் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்ததாக எங்கள் வீட்டுப் பாட்டி சொல்வார், அதனால் அவர் கடைசி வரைக்கும் அதைத் தொடவில்லை. நான் ஆசையாக வாங்கி வந்தால் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி ஒரு பதார்த்தத்துக்குப் பின்னால் கதை இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

படம் எடுக்கலாமா?

சாப்பாட்டை எடுங்கள். சமைக்கிறவரை எடுக்கும் முன் கேளுங்கள்.

பெருநாள் சமயத்தில் கடை திறந்திருக்குமா?

தீபாவளிக்கு நம்மவர் கடைகள் சில நாட்கள், சிலது ஒரு வாரமும் மூடியிருக்கும், மாமாக் கடையும் சீனர் கடையும்தான் கதி. தைப்பூசத்துக்கு ஊரில் பாதி ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய்விடும், அங்கே பந்தலில் அன்னதானம் சாப்பிடுவது எந்தக் கடைக்கும் குறைந்ததில்லை. நோன்பு மாதத்தில் ரமலான் சந்தையைத் தவறவிடாதீர்கள், ஐந்து மணிக்குப் போனால் நிதானமாக வாங்கலாம்.

கோலாலம்பூருக்குக் கட்டிக்கொண்டு போக என்ன வாங்கலாம்?

நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நெரிசல் என்றால் இன்னும் அதிகம். தேங்காய்ப்பால் சேர்ந்த எதையும் சூட்டோடு மூடிக் கட்டாதீர்கள், காருக்குள்ளேயே புளித்துவிடும், சொதியும் குருமாவும் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆட்டுப் பிரட்டல் நன்றாகச் சுண்டியதாக இருந்தால் தாங்கும். புளி ஊற்றிய மீன் குழம்பும் தாங்கும், அது மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும். இடியாப்பத்தையும் தேங்காய்ப்பூவையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். போகிற வழியில் ஈப்போவில் இறங்க நேரமிருந்தால் புந்தோங் பக்கம் போய் முறுக்கும் வறுத்த கடலையும் வாங்குங்கள், கச்சாங் பூத்தேவுக்குப் பேர் போன இடம் அது. குழம்புப் பொட்டலத்தை மட்டும் காலடியில் வைக்காமல் ஒரு சட்டிக்குள் நிறுத்தி வையுங்கள். வீட்டுக்குப் போனவுடன் சுட வைத்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள், எந்தக் குழம்பு தாங்கியது, எது தாங்கவில்லை என்று.